சந்திரகாந்தி கூட்டிய மாநாடு

இந்திரஜித் கொழும்பு ரயில் நிலையத்தில் பதுளைக்குக் கோச்சி ஏறியதே சங்கத்தின் அலுவலகத்தை மூடத்தான். அதை அவன் ஒளித்துச் செய்யவில்லை. தலைவர் பதவிக்கு நின்றபோதே மேடையில் சொல்லியிருந்தான். நாடு முழுக்க உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கத்தை, பதுளைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில், ஒற்றை அறையில், ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு நடத்துவது இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்றான். கொழும்பில் இதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றன. உறுப்பினர் பதிவு, சஞ்சிகை, மாநாடு, தேர்தல் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சபையில் கைதட்டினார்கள். வாக்கும் போட்டார்கள்.

அது சிமுலேஷன் ஆய்வாளர்களின் சங்கம். ஒரு விஷயம் நிஜத்தில் நடக்குமுன் அதைக் கணினிக்குள் ஆயிரம் தடவை நடத்திப் பார்ப்பவர்கள். வெள்ளம் வந்தால் எந்தத் தெருவரை ஏறும், டெங்கு அடுத்து எந்த ஊருக்குப் போகும், எந்த மலை எத்தனை மழைக்குச் சரியும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர் அதில் இருந்தார்கள். இந்திரஜித்தின் துறை வரிசைகள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஆட்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், எங்கே ஒரு மேசையைக் கூட்டினால் வரிசை கரையும் என்று சொல்வான். முப்பத்தொன்பது வயதில் அந்தத் துறையில் அவனுக்கு நல்ல பெயர்.

சங்கத்தின் முதல் தலைவர் பதுளையில் படிப்பித்தவர். அதனால் பதிவு பதுளையில் நடந்தது. அவர் பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். அலுவலகம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அதோடு நின்றவர் சந்திரகாந்தி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, பதுளையில் வர்த்தகம் படித்து, ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கிளாக்காக இருந்துவிட்டு, பதினான்கு வருடங்களுக்கு முன் சங்கத்துக்கு வந்தவர். இப்போது வயது ஐம்பத்திரண்டு. உறுப்பினர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா.

திங்கட்கிழமை பின்னேரம் இந்திரஜித் மாடிப்படி ஏறியபோது சந்திரகாந்தி எழுந்து நின்றார்.

"வாங்க சேர். கோச்சி நேரத்துக்கு வந்துச்சா? டீ குடிக்கிறீங்களா, இல்ல முதல்ல ஃபைலைப் பாக்குறீங்களா?"

"எந்த ஃபைல்?"

"நீங்க ஆபீஸை எடுத்துட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க. அதுக்குத்தான் எழுதி வெச்சிருக்கேன்." மேசைமேல் மூன்று தடித்த கோப்புகள் இருந்தன. "எதை யார்கிட்ட கேக்கணும், எதை எப்ப செய்யணும், எல்லாம் இதுல இருக்கு. ஒரேயொரு விஷயம்தான் சேர். மாநாடு முடியட்டும். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் போகட்டும். அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே இந்திரஜித்துக்குக் கூச்சமாகிவிட்டது. சண்டை வரும் என்று தயாராக வந்தவன் அவன். கடைசியில் டீயை வாங்கிக் குடித்துவிட்டு, மூலையில் இருந்த கதிரையில் உட்கார்ந்தான்.

மறுநாள் காலையிலிருந்து தன் தொழிலைத் தொடங்கினான். கம்பனிக்குக் கொடுக்குமுன் இங்கே என்ன வேலை நடக்கிறது என்று அளந்தாக வேண்டும். எந்த நேரத்தில் என்ன வேலை வந்தது, அதை முடிக்க எத்தனை நிமிடம் போனது என்று மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் குறித்தான். தொலைபேசி, மின்னஞ்சல், தபால், அச்சகத்துக்கு ஆள், ஹோட்டலுக்கு ஆள். சென்னையிலிருந்து சிறப்புரைக்கு வரும் பேராசிரியருக்கு விமான நிலையத்துக்கு வேன் சரியாகப் போனதா என்ற விசாரணை. மத்தியானத்துக்குள் அறுபத்தெட்டு வரிகள் சேர்ந்துவிட்டன. அன்றைக்கே அதை வைத்து ஒரு கணினி மாதிரியை ஓட்டிப் பார்த்தான்.

விடை விசித்திரமாக இருந்தது. இவ்வளவு வேலையை ஒரே ஆள் செய்தால், இரண்டு வாரத்தில் அந்த மேசையில் நூற்றைம்பது கடிதமாவது பதில் இல்லாமல் தேங்கிக் கிடக்க வேண்டும். மேசையில் ஒரு கடிதம்கூட இல்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தான். "அலுமாரியைத் திறந்து பாக்கலாமா?" என்று கேட்டான். சந்திரகாந்தி சாவியைக் கொடுத்தார். அங்கேயும் எதுவும் தேங்கவில்லை.

"எப்படி மிஸ் இது? மாநாட்டுக்கு முந்தின கிழமையில ஆளுங்க நூறு கேள்வி கேப்பாங்களே."

"கேக்கமாட்டாங்க சேர். கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருவோம்ல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சென்னைப் பேராசிரியர் அம்மாவுக்கு முழங்கால் வலி. போன வருஷம் அவங்க ஒரு மெயில்ல தோழிக்கு எழுதுற மாதிரி எழுதியிருந்தாங்க. அதனால கீழ்மாடி ரூம் போட்டுட்டேன். அந்த ஒரு கேள்வி வராது பாருங்க. காலியில ஒரு சேர் இருக்காரு, கட்டுரையைப் பாத்துக் குடுக்கச் சொன்னா ஆறு மாசம் இழுப்பாரு. பரீட்சை முடிஞ்ச கிழமையில அனுப்புனா பத்து நாள்ல குடுத்துருவாரு. அவருக்கு அப்பதான் அனுப்புறது."

இந்திரஜித் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விழித்தான். நடக்காத தொலைபேசி அழைப்பை எப்படி அளப்பது?

தலைப்புக்குள் அடங்காத இன்னொன்றும் இருந்தது. காலை எட்டேகாலுக்கு அவர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். பதிலை ஒரு கொப்பியில் எழுதினார். ஒரே ஓர் எண். அவ்வளவுதான்.

"இது என்ன?"

"அதுவும் சங்க வேலைதான் சேர்," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

செவ்வாய் முழுக்க மழை பெய்தது. புதன் விடிந்தும் விடவில்லை. எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரியாத அளவுக்குக் கொட்டியது. புதன்கிழமை சந்திரகாந்தி அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். சேலைக் கரையில் முழங்கால் வரை சேறு. மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே வேலையில் உட்கார்ந்தார். இந்திரஜித் தன் பட்டியலில் "தாமதம், அறுபத்திரண்டு நிமிடம்" என்று எழுதிக்கொண்டான். கம்பனிக்காரர்களிடம் காட்ட இது உதவும் என்றும் மனதுக்குள் ஓர் எண்ணம் ஓடியது.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் செய்தி வந்தது. எல்லவுக்கு இப்பால் தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த கோச்சியைப் பண்டாரவளையிலேயே நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிடத்தில் அடுத்த செய்தி. ஹாலிஎலவுக்கு அப்பால் பிரதான வீதியும் மூடிவிட்டது. மாநாட்டுக்கு வரவேண்டிய தொண்ணூற்றொரு பேரில் அறுபத்துமூன்று பேர் அந்தக் கோச்சியில் இருந்தார்கள். சென்னைப் பேராசிரியரும் அதில்தான். சொந்த வாகனத்தில் வந்தவர்களும் பண்டாரவளையில் நின்றார்கள். பதுளைக்கு ஏற்கனவே வந்து சேர்ந்தது பதினான்கு பேர்.

இந்திரஜித்தின் கைத்தொலைபேசி ஓயாமல் அடித்தது. அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "மிஸ், ஒத்திவைப்போம். எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுருங்க. 'தவிர்க்க முடியாத காரணத்தால்'னு."

"பத்து நிமிஷம் குடுங்க சேர்."

"பத்து நிமிஷத்துல மலையையா எடுத்து வெக்கப் போறீங்க?"

அவர் சிரித்தார். அந்த மூன்று நாளில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தான். "மலையை எடுக்க முடியாது. மாநாட்டை எடுத்து வெக்கலாம்ல. எழுபது எண்பது பேர் அங்க நிக்கிறாங்க. நாம பதினாறு பேர் இங்க. யார் யார்கிட்டப் போகணும்?"

வரிசைகளைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியவனுக்கு அது தோன்றவே இல்லை.

சந்திரகாந்தி ஒரு தாளை எடுத்தார். கோச்சியில் வருபவர்களின் பெயர், பெட்டி எண், யாருடன் குழந்தை இருக்கிறது, யார் இன்சுலின் போடுகிறவர், யாருக்கு மரக்கறிச் சாப்பாடு என்று எல்லாம் அதில் இருந்தது. முதல் அழைப்பு மர்ஸூக்குக்கு. பண்டாரவளையில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்.

"மர்ஸூக் நானா, நான் பதுளை சந்திரகாந்தி. நாளைக்கும் நாளன்னைக்கும் ஹோல் சும்மாதானே இருக்கு? கல்யாணம் ஞாயித்துக்கிழமைதானே?"

மறுமுனையில் மர்ஸூக்கின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கல்யாணக் காட் அடிச்சது நம்ம அச்சகத்துலதானே. மேசையில பாத்தேன்."

மண்டபம் கிடைத்தது. பிறகு ஸ்டேஷன் மாஸ்டர், இரண்டு விடுதிகள், ஒரு வேன்காரர், பள்ளிக்கூட அதிபர் ஒருவர், கடைசியில் கோச்சியில் இருந்த துஷாந்த். அவன் மண்சரிவை ஆராயும் இளம் விரிவுரையாளன். "தம்பி, நீங்க மூணாம் பெட்டியில இருந்து எல்லாரையும் பேர் சொல்லி இறக்குங்க. நான் மெசேஜ்ல பட்டியல் அனுப்புறேன். சென்னை அம்மாவுக்கு முதல் வேன். குழந்தைங்க இருக்கிறவங்க அதுல ஏறட்டும்." ஏழு அழைப்புகள். இந்திரஜித் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு ஒரு பயம் தட்டியது. "மிஸ், வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம் இருக்கே. இடத்தை மாத்தினா பதினாலு நாளுக்கு முன்னாடி அறிவிக்கணும்னு சங்கத்தோட யாப்பு விதியில இருக்கு. யாராவது ஆட்சேபிச்சா தேர்தலே செல்லாது."

சந்திரகாந்தி ஒரு கோப்பைத் திறந்து அறிவித்தலை அவன் முன் வைத்தார். கீழே அவனுடைய கையொப்பம் இருந்தது. கூட்டம் நடக்கும் இடம் என்ற இடத்தில் "பதுளை மாவட்டம்" என்று இருந்தது. ஹோட்டலின் பெயரே இல்லை. பண்டாரவளை பதுளை மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது.

"நான் இதை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றான் இந்திரஜித்.

"எல்லாத் தலைவரும் அப்பிடித்தான் சேர்." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "நவம்பர்ல இந்த மலைநாட்டுல மாநாடு வேணாம்னு மார்ச்லயே கடிதம் எழுதினேன். கூட்டக் குறிப்புல இருக்கு. மலை சரியறதைப் படிக்கிறவங்களே பத்துப் பேர் குழுவுல இருந்தாங்க. யாரும் கேக்கல. சரி, நவம்பர்தான்னு ஆயிருச்சு. நவம்பருக்கு ஒரே மண்டபத்தை எழுதி வெக்க முடியுமா?"

அவன் அறிவித்தலை மூடினான். அப்போது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினார். "இராமையா, பிள்ளைங்க சாப்பிட்டாங்களா? ... மாட்டைப் பாக்கப் போறேன்னு யாரும் திரும்பி ஏறக்கூடாது. சொல்லிட்டேன். நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்கூலை விட்டு நகரக்கூடாது."

வைத்த பிறகு இந்திரஜித் கேட்டான். அவரும் சொன்னார், அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும் விதத்தில். ஸ்பிரிங்வெளியில் தம்பி இராமையா குடும்பம் இருக்கும் லயத்துக்கு மேலே ஒரு சரிவு இருக்கிறது. போன வருடம் சங்கத்தின் சஞ்சிகையில் துஷாந்த் அந்தச் சரிவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். சந்திரகாந்திக்குக் கணக்குகள் புரியாது. ஆனால் ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசிப் பக்கத்தை வாசித்துவிடுவார். அதில் தன் தோட்டத்தின் பெயரைக் கண்டதும் துஷாந்துக்குத் தொலைபேசி எடுத்து, இதைச் சாதாரண ஆளுக்குச் சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். இரண்டு நாள் மழை இந்த அளவைத் தாண்டினால் பின்வரிசை லயத்தில் ஆள் இருக்கக்கூடாது என்றான் அவன். அதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும், கிராம சேவகருக்கும், கோயில் கமிட்டிக்கும், லயத்தில் வீட்டுக்கு ஒன்றாகவும் அனுப்பினார். தோட்ட அலுவலகத்தில் மழை அளக்கிறார்கள். அந்த எண்ணைத்தான் தினமும் காலையில் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு விடியக்காலையிலேயே கேட்டேன், தாண்டிருச்சு சேர். இருபத்திரண்டு குடும்பம். பாதிப் பேர் வரமாட்டேன்னாங்க. இழுத்துட்டுப் போய் ஸ்கூல்ல விட்டுட்டு வர ஒரு மணி நேரம் பிந்திருச்சு."

இந்திரஜித் மடிக்கணினியைத் திறந்து, காலையில் எழுதிய அந்த வரியை அழித்தான். பிறகு முழுப் பட்டியலையும் மூடிவிட்டான். முகம் சுட்டது. அவரைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க, அக்கா. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்குவீங்களா?" என்று அவர் நிஜமாகவே யோசித்தார். "சரி. பேட்ஜையெல்லாம் பெயர் வரிசையில அடுக்கி வெச்சுருங்க. நான் காலையில ஆறரைக்கு வந்துருவேன்."

தலைவர் அன்று பின்னேரம் முழுக்கத் தொண்ணூற்றொரு பெயர் அட்டைகளை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை மழை விட்டிருந்தது. ஆறரைக்கு சந்திரகாந்தி படியேறி வந்தார். பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது இராமையாவின் அழைப்பு வந்தது. அவர் கேட்டுக்கொண்டே மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். தொலைபேசியை மேசைமேல் வைத்தார்.

"மலை வந்திருச்சு," என்றார். "அஞ்சே முக்காலுக்கு. பின்வரிசையில நாலு வீட்டுக் காம்பிரா மண்ணுக்குள்ள. இராமையாவோட மாட்டுக்கொட்டிலும் போயிருச்சு. ஆளுங்க எல்லாரும் ஸ்கூல்ல. ஒவ்வொரு வீடா எண்ணிப் பாத்துட்டாங்களாம்."

"நீங்க அங்க போங்க அக்கா. மாநாடு எப்படியோ நடக்கும்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆளுங்களுக்குச் சாப்பாடும் பாயும் கோயில் கமிட்டி குடுக்குது. பின்னேரம் போவேன். துஷாந்த் தம்பி பதினோரு மணிக்குப் பேசறாரு. அதை நான் கேக்கணும்."

பதினாறு பேரும் ஒரு சின்ன பஸ்ஸில் ஹாலிஎல தாண்டிப் போனார்கள். சரிவு விழுந்த இடத்தில் பஸ் நின்றது. வாகனம் போக வழியில்லை. ஆனால் மேற்புறமாக ஆட்கள் நடக்க ஒரு பாதை வெட்டி, பொலிஸ்காரர் இருவர் நின்று ஐந்து ஐந்து பேராக விட்டார்கள். இந்திரஜித் புத்தகப் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பளபளப்பான சப்பாத்து முதல் அடியிலேயே புதைந்துவிட்டது. முன்னால் சந்திரகாந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெயர் அட்டைப் பையைத் தலையில் வைத்து, தேயிலை மலையில் ஏறிப் பழகிய கால்களோடு நிதானமாகப் போனார். மறுபக்கத்தில் மர்ஸூக் அனுப்பிய வேன் நின்றது.

மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்காகக் கட்டிய வெள்ளைத் துணி மேடை அப்படியே இருந்தது. அதன் முன்னால் திரையை இறக்கினார்கள். சென்னைப் பேராசிரியர் மணமகளுக்குப் போட்ட தங்க நிற நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு, இவ்வளவு வசதியான மாநாட்டுக்குத் தான் போனதே இல்லை என்றார். பத்து மணிக்குத் தொடங்கவேண்டியது பத்தேகாலுக்குத் தொடங்கியது.

பதினோரு மணிக்குத் துஷாந்த் பேசினான். காலையில் நடந்தது அவனுக்குத் தெரியாது. சந்திரகாந்தி யாருக்கும் சொல்லவேண்டாம் என்றிருந்தார். அவன் நிறங்களால் ஆன ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டி, இந்தச் சரிவு எத்தனை மழையில் அசையும் என்று தன் கணினி மாதிரி சொல்வதை விளக்கினான். இது இன்னும் நிஜத்தில் சோதிக்கப்படவில்லை, எண்களில் குறை இருக்கலாம் என்று அடக்கமாக முடித்தான். கேள்வி இருக்கிறதா என்று இந்திரஜித் சபையைப் பார்த்தான்.

கடைசி வரிசையில் சந்திரகாந்தி எழுந்தார். பதினான்கு வருடங்களில் பதினான்கு மாநாடுகளை நடத்தியவர், ஒன்றிலும் எழுந்து நின்றதில்லை. எல்லோரும் திரும்பினார்கள். சாப்பாட்டு அறிவிப்பு என்றே நினைத்தார்கள்.

"தம்பி, நீங்க காட்டுன அந்தச் சிவப்பு இடம் இன்னைக்கு விடியக்காலம் அஞ்சே முக்காலுக்கு வந்திருச்சு," என்றார். "நீங்க சொன்ன மழை நேத்துக் காலையில தாண்டுச்சு. அப்பவே இறங்கிட்டாங்க. இருபத்திரண்டு குடும்பம், எண்பத்தேழு பேர். நாலு காம்பிரா மண்ணுக்குள்ள போயிருச்சு. ஆள் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லை."

சந்திரகாந்தி கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி வீடும் அதுல ஒண்ணு. அதை உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன். கேள்வி என்னன்னா, தோட்டத்துல அடுத்த டிவிஷன்ல இன்னும் நாப்பது வீடு இருக்கு. அதை எப்ப பாப்பீங்க?"

துஷாந்த் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றான். திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர். கொஞ்ச நேரத்தில் சபை முழுவதும் நின்றது. சந்திரகாந்தி என்ன செய்வதென்று தெரியாமல், "சாப்பாடு பன்னிரண்டரைக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் அலுவலகத்தைக் கொழும்புக்கு மாற்றும் பிரேரணை நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருந்தது. இந்திரஜித் எழுந்து அதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். காரணத்தையும் மறைக்கவில்லை. "நான் இந்த ஆபீஸை அளந்து பார்த்தேன். என் கணினி மாதிரி தப்பு. இவர் தடுத்து நிறுத்துகிற வேலைகளை எண்ண அதற்குத் தெரியவில்லை. அறுபத்திரண்டு நிமிடத்தில் எண்பத்தேழு பேரைக் காப்பாற்றியதை நான் தாமதம் என்று எழுதிவைத்திருந்தேன்." பிறகு உற்சாகத்தில் இன்னொன்றும் சேர்த்தான். சந்திரகாந்தியை இன்றே கௌரவ உறுப்பினராக ஏற்கவேண்டும் என்றான். ஆரவாரம் எழுந்தது.

பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த சந்திரகாந்தி பேனாவை வைத்தார். மெதுவாக, ஆனால் முதல் வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அதுக்கு முப்பது நாளுக்கு முன்னாடி அறிவித்தல் குடுக்கணும் சேர். யாப்புல ஒன்பதாம் பிரிவு. இன்னைக்கு எடுத்தா செல்லாது."

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. கௌரவ உறுப்பினர் பிரேரணை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று அவரே தன் கையால் குறிப்பில் எழுதினார்.

சனிக்கிழமை வீதி ஒரு பக்கமாகத் திறந்தது. கொழும்புக்குப் போகவேண்டியவர்களில் ஏழு பேர் போகவில்லை. துஷாந்த், வெள்ளக் கணக்குப் பார்க்கும் இருவர், கருவிகளோடு வந்த மூன்று மாணவிகள், இந்திரஜித். ஸ்பிரிங்வெளியில் அடுத்த டிவிஷனை அளக்கப் போவதாக வியாழன் பின்னேரமே அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. தோட்ட நிர்வாகத்திடம் யார் அனுமதி கேட்பது, வண்டிக்கு என்ன செய்வது என்று சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தபோது சந்திரகாந்தி வந்து நின்றார்.

"அனுமதிக் கடிதம் வாங்கிட்டேன். லொறி நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. அட்டைப்பூச்சி கடிக்கும், காலுல தேய்க்க சவர்க்காரம் கொண்டு வாங்க."

மறுநாள் ஏழு மணிக்கு லொறி வந்தது. இந்திரஜித் அளக்கும் நாடாவையும் தண்ணீர்ப் போத்தல்களையும் மேலே ஏற்றிவிட்டு, கீழே நின்ற சந்திரகாந்திக்குக் கை கொடுத்தான். அவர் ஏறி, முன்பக்கம் இராமையாவின் பிள்ளைகளுக்கு வாங்கிய கொப்பிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லொறி மலைப்பாதையில் திரும்பியது.